வீரர் தோளில் கதிரவன்

நுழையும்முன்

படைவீரர் ஒருவரின் முதுகுச்சுமையை எண்ணும்போது படைக்கலம், உணவு, நீர் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இன்றைய வீரரின் முதுகுப்பையில் இவற்றோடு மின்கலங்களும் பெரும்பங்கு பெற்றுள்ளன. தொடர்புக் கருவி முதல் இரவுநோக்குக் கருவி வரை அவர் கையாளும் பல கருவிகள் மின்சாரத்தால் இயங்குகின்றன. அந்த மின்சாரத்தை நடந்துகொண்டே கதிரவனிடமிருந்து பெற இயலுமா? இந்த வினாவுக்கு அறிவியல் தேடிய விடையையும் அவ்விடையின் எல்லைகளையும் இந்த உரைநடை விளக்குகிறது.

பாசறை விளக்கும் மின்கலமும்

நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு, காட்டில் அமைந்த ஒரு பாசறையைக் கண்முன் நிறுத்துகிறது. இரவு வந்ததும் மகளிர் நெய் வார்க்கும் குழலோடு சென்று, நெடிய திரிகளைக் கொளுத்தி விளக்கேற்றுகின்றனர். நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுதை அறிவிக்கின்றனர். அந்த விளக்குகள் எரிய வேண்டுமானால், அவற்றுக்கான நெய்யும் படையோடு சேர்ந்து காட்டுக்குள் வந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் அதைச் சுமந்து வந்திருக்க வேண்டும். படை செல்லும் இடமெல்லாம் அதற்குத் தேவையான ஆற்றலும் சுமையாக உடன்செல்ல வேண்டும் என்பது மிகப் பழைய சிக்கல்.

விளக்கின் இடத்தில் இன்று மின்கருவிகள் உள்ளன. நெய்யின் இடத்தில் மின்கலங்கள் உள்ளன. கால்நடையாகச் சுற்றுக்காவல் செல்லும் வீரர்கள் கம்பியில்லாத் தொடர்புக் கருவி, இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி, இரவுநோக்குக் கருவி, கைவிளக்கு, கையடக்கக் கணினி எனப் பலவற்றை எடுத்துச் செல்கின்றனர். மூன்று நாள் பணிக்குச் செல்லும் வீரர் ஒருவர் ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ எடையுள்ள மின்கலங்களைச் சுமக்க நேர்வதாக அமெரிக்கத் தரைப்படையின் மதிப்பீடுகள் தெரிவிக்கின்றன. பிரிட்டனின் காலாட்படை வீரர் 45 முதல் 70 கிலோ வரை சுமக்கிறார் என்றும், அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் மின்கலங்களின் எடையே என்றும் அந்நாட்டு ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினர்.

தொடர்புக் கருவிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் லித்தியம் வகை மின்கலம் ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. அது தீர்ந்துபோனால் மாற்றுவதற்கு மற்றொன்று வேண்டும். அதுவும் தீரும் என்பதால் மூன்றாவதும் வேண்டும். பணியின் நடுவே தொடர்பு அறுந்தால் உதவி கோரவும் இயலாது. எனவே, பாதி ஆற்றல் மீதமிருக்கும் மின்கலத்தைக்கூட நம்பாமல், புறப்படும் முன்பே புதியதாக மாற்றிக்கொள்ளும் வழக்கமும் படைகளில் உண்டு. இவ்வாறு தேவையும் அச்சமும் சேர்ந்து வீரரின் சுமையைக் கூட்டுகின்றன. முழங்காலும் முதுகெலும்பும் அச்சுமையின் விளைவை நீண்ட காலம் தாங்குகின்றன.

சாலையில் காத்திருக்கும் இடர்

சுமை வீரரின் முதுகோடு முடிவதில்லை. தீர்ந்த மின்கலங்களுக்கு மாற்றாகப் புதியவை வர வேண்டும். மறுமின்னேற்றம் செய்யக்கூடியவையாக இருந்தால், முகாமில் அவற்றை மின்னேற்றும் டீசல் மின்னாக்கிக்கு எரிபொருள் வர வேண்டும். இரண்டும் சரக்கு வண்டிகளிலோ ஹெலிகாப்டரிலோ வந்துசேர வேண்டும். மலைப்பாதையிலும் பாலைவனச் சாலையிலும் வரிசையாக ஊர்ந்து செல்லும் சரக்கு வண்டிகள் பகைவருக்கு எளிய இலக்குகள் ஆகின்றன.

ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமையேற்றிருந்த மேஜர் ஜெனரல் ரிச்சர்டு ஜில்மர், 2006ஆம் ஆண்டில் தம் தலைமையகத்திற்கு ஒரு கோரிக்கையை அனுப்பினார். கதிரொளி, காற்று போன்றவற்றால் இயங்கும் மின்னாக்கிகளை விரைந்து அனுப்புமாறு அவர் கேட்டிருந்தார். எரிபொருள் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் சாலையில் வீரர்கள் உயிரிழப்பதும் குறையும் என்பதே அவர் காட்டிய காரணம். 2009ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கத் தரைப்படை ஆய்வறிக்கை இதற்கு ஓர் எண்ணைத் தந்தது. 2007ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, ஆப்கானிஸ்தானில் சராசரியாக 24 எரிபொருள் வண்டித் தொடர்களுக்கு ஒருவர் வீதம் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர்.

இந்தப் பின்னணியில்தான் மடித்து எடுத்துச் செல்லத்தக்க சூரிய மின்தகடுகள் களத்திற்கு வந்தன. 2010ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மாண்டு மாகாணத்திலுள்ள சங்கீன் பகுதிக்குச் சென்ற அமெரிக்க மரைன் படைப்பிரிவு ஒன்று, முதுகுப்பைக்குள் அடங்கும் சூரிய மின்தகடுகளைத் தன்னுடன் கொண்டு சென்றது. வீரர்கள் தங்கும் இடங்களில் அவற்றை விரித்துத் தொடர்புக் கருவிகளின் மின்கலங்களை மின்னேற்றினர். புதிய மின்கலங்கள் எவையும் வரவழைக்கப்படாமலே மூன்று வாரச் சுற்றுக்காவல் ஒன்று நிறைவடைந்தது என்றும், அதனால் 700 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 320 கிலோ எடை மிச்சமானது என்றும் அப்படை பின்னர்த் தெரிவித்தது. விரித்து வைக்கும் தகடு இவ்வளவு உதவுமானால், உடையிலும் தலைக்கவசத்திலும் முதுகுப்பையிலும் நிலையாகப் பொருத்தப்பட்ட தகடு இன்னும் உதவாதா என்னும் எண்ணம் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் வலுப்பெற்றது.

கதிரொளி மின்சாரமாகும் முறை

ஒளி படும்போது சில பொருள்களில் மின்னழுத்தம் தோன்றுவதைப் பிரான்சு நாட்டின் எட்மண்ட் பெக்கெரல் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இதுவே ஒளிமின்னழுத்த விளைவு எனப்படுகிறது. நடைமுறைக்கு உகந்த சிலிக்கான் சூரிய மின்கலம் உருவாக மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் 1954ஆம் ஆண்டில் அதை உருவாக்கினர். அது தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்னாற்றலாக மாற்றியது.

சிலிக்கான் ஒரு குறைக்கடத்தி. அதில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் சேர்த்தால், எளிதில் நகரும் எலக்ட்ரான்கள் மிகுகின்றன. போரான் சேர்த்தால், எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடங்கள் வெற்றிடமாகின்றன. இவ்வெற்றிடங்களைத் துளைகள் என்பர். இவ்விரு வகைச் சிலிக்கானும் ஒன்றையொன்று தொடும் சந்திப்பில் இயல்பாகவே ஒரு மின்புலம் உருவாகிறது. கதிரொளியின் ஆற்றல் துகளாகிய போட்டான் சிலிக்கானுக்குள் புகும்போது, ஓர் எலக்ட்ரானை அதன் இடத்திலிருந்து விடுவிக்கிறது. சந்திப்பிலுள்ள மின்புலம் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் தள்ளுகிறது. இருபுறமும் கம்பி இணைத்தால் மின்னோட்டம் பாய்கிறது. இதில் சுழலும் உறுப்பு இல்லை, ஒலி இல்லை, புகை இல்லை. இருக்கும் இடத்தை வெளிக்காட்டாமல் ஆற்றல் பெற விரும்பும் வீரருக்கு இப்பண்புகள் டீசல் மின்னாக்கியில் கிடைக்காதவை.

ஒரு சிலிக்கான் மின்கலம் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ அரை வோல்ட் மட்டுமே. தேவையான மின்னழுத்தம் கிடைக்கப் பல கலங்களைச் சங்கிலிபோல் தொடராக இணைக்க வேண்டும். விழும் ஒளி முழுவதும் மின்சாரமாகிவிடுவதும் இல்லை. ஆற்றல் குறைந்த போட்டான்கள் எலக்ட்ரானை விடுவிக்காமல் வீணாகின்றன. ஆற்றல் மிகுந்தவற்றின் எஞ்சிய ஆற்றல் வெப்பமாகிறது. ஒரே ஒரு சந்திப்பு கொண்ட மின்கலத்தின் பயனுறுதிறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட இயலாது என்பதை ஷாக்லி, குவைசர் ஆகிய இருவரும் 1961ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர்.

தெரிந்து தெளிவோம்
வாட் என்பது திறனை அளக்கும் அலகு. ஒரு நொடியில் ஆற்றல் எவ்வளவு பயன்படுகிறது என்பதை அது காட்டும். வாட்-மணி என்பது ஆற்றலை அளக்கும் அலகு. 10 வாட் திறனுள்ள விளக்கு 6 மணிநேரம் எரிந்தால் 60 வாட்-மணி ஆற்றல் செலவாகும். நம் வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி.

பலகையிலிருந்து உடைக்கு

வீட்டுக் கூரையில் காணும் சூரிய மின்பலகையை உடையில் தைக்க முடியாது. அதிலுள்ள சிலிக்கான் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் கொண்டது. ஆயினும் வளைத்தால் உடைந்துவிடும். அதைக் காப்பதற்காகவே கண்ணாடியும் உலோகச் சட்டமும் சேர்க்கப்படுகின்றன. பலகையின் எடையில் பெரும்பகுதி இந்தக் காப்புக்கு உரியது. உடலில் அணிய வேண்டுமானால், காப்பின்றியே வளைந்துகொடுக்கும் மின்கலம் வேண்டும்.

இதற்கு அறிஞர்கள் மூன்று வழிகளைக் கையாண்டனர். முதலாவது, நெகிழித் தாள்மீதோ மெல்லிய உலோகத் தாள்மீதோ ஒளியை உறிஞ்சும் பொருளை மிக மெல்லிய படலமாகப் படியச் செய்வது. இவ்வகைத் தகடுகள் மடங்கும், சுருளும், எளிதில் உடையா. ஆனால் அவற்றுள் பலவற்றின் பயனுறுதிறன் படிகச் சிலிக்கானைவிடக் குறைவு. இரண்டாவது, காலியம் ஆர்சனைடு என்னும் சேர்மத்தை மெல்லிய படலமாகப் பயன்படுத்துவது. இதன் பயனுறுதிறன் மிக உயர்ந்தது. விலையும் மிக உயர்ந்தது.

மூன்றாவது வழி, சிலிக்கானையே வளையும் அளவுக்கு மெல்லியதாக்குவது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், கிளாஸ் வெபர் ஆகியோர் 2000ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய 'ஸ்லிவர்' மின்கலம் இவ்வழியில் பிறந்தது. வழக்கமான முறையில் சிலிக்கான் வட்டின் மேற்பரப்பே ஒரு மின்கலம் ஆகிறது. ஸ்லிவர் முறையிலோ, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டில் மிக நெருக்கமாக, அடிவரை செல்லும் குறுகிய பிளவுகள் ஏற்படுத்தப்படுகின்றன. பிளவுகளுக்கு இடையே எஞ்சி நிற்கும் ஒவ்வொரு கீற்றும் ஒரு மின்கலம் ஆகிறது. பிறகு கீற்றுகளை வட்டிலிருந்து பிரித்துப் படுக்கவைத்துப் பரப்புகின்றனர். விளிம்பில் நிறுத்திய ஓலைச்சுவடிக் கட்டை அவிழ்த்து ஏடுகளைத் தரையில் பரப்பினால், அவை கட்டு நின்ற இடத்தைவிடப் பன்மடங்கு இடத்தை நிரப்பும். அதுபோல, ஒரே வட்டிலிருந்து பன்மடங்கு பரப்புள்ள மின்கலங்கள் கிடைக்கின்றன.

ஒரு கீற்றின் நீளம் 5 முதல் 12 சென்டிமீட்டர். அகலம் இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்டது. தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனைப் போன்றது. இந்த அளவில் சிலிக்கான் தாளைப்போல் வளைகிறது. மேலும், கீற்றின் இரு முகங்களும் ஒளியை ஏற்கின்றன. எனவே, நேரே விழும் ஒளியோடு மணலிலும் பனியிலும் பட்டுத் திரும்பும் ஒளியும் பயன்படுகிறது. இப்பண்புகளைக் கண்ட ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை, 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், வீரர்கள் அணிந்துகொள்ளத்தக்க மின்தகடுகளை ஸ்லிவர் மின்கலங்களால் உருவாக்கும் திட்டத்திற்கு அப்பல்கலைக்கழகத்திற்கு நிதியளித்தது. வீரரின் சுமையைக் குறைப்பதும், முகாமுக்குத் திரும்பாமலே அவர் நெடுநாள் செயல்பட உதவுவதும் அத்திட்டத்தின் நோக்கங்கள்.

கணக்கு காட்டும் எல்லை

ஒரு தொழில்நுட்பத்தின் பயனை அறிய வேண்டுமானால் அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். தெளிந்த வானில் நண்பகல் வேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் கதிராற்றல் விழுகிறது. வீரரின் முதுகுப்பை மேல் 40 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகடு ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எனவே, அதன்மேல் 100 வாட் விழும். பயனுறுதிறன் 20 விழுக்காடு எனில் 20 வாட் மின்திறன் கிடைக்கும்.

இது கதிரவனை நேராக நோக்கியிருக்கும் தகட்டுக்கு உரிய கணக்கு. நடக்கும் வீரரின் முதுகு எப்போதும் கதிரவனை நோக்குவதில்லை. மர நிழல், மேகம், தூசி ஆகியவையும் குறுக்கிடும். ஆகவே, சராசரியாகப் பாதியளவு, அதாவது 10 வாட் கிடைப்பதாகக் கொண்டால், ஆறு மணிநேரத்தில் 60 வாட்-மணி ஆற்றல் சேரும். நாம் பயன்படுத்தும் திறன்பேசி ஒன்றை ஏறத்தாழ மூன்று முறை மின்னேற்றும் அளவு இது. அமெரிக்க வீரர்கள் மார்புக்கவசத்தில் அணியும் வளையக்கூடிய மின்கலம் ஒன்றின் கொள்ளளவு 150 வாட்-மணி. எடை ஏறத்தாழ 1.2 கிலோ. அதை இத்தகடு முழுமையாக மின்னேற்ற இரண்டரை நாள் ஆகும்.

மூன்று நாள் பணியில் இத்தகடு தருவது 180 வாட்-மணி. ஒரு மின்கலத்தைவிடச் சற்றே மிகுதி. மிச்சமாகும் எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. தகட்டின் எடையையும் இணைப்புக் கம்பிகளின் எடையையும் கழித்தால் பயன் மிகச் சிறிதே. ஆனால், பணி மூன்று வாரம் நீடித்தால் அதே தகடு தருவது 1260 வாட்-மணி. இந்த ஆற்றலை மின்கலங்களாகவே சுமப்பதாயின் எட்டுக்கும் மேற்பட்டவை தேவை. அவற்றின் எடை 10 கிலோ. நாள் கூடக்கூடச் சுமக்க வேண்டிய மின்கலங்களின் எடை கூடுகிறது. தகட்டின் எடையோ முதல் நாள் இருந்தவாறே இருக்கிறது. கதிரொளித் தகட்டின் உண்மையான மதிப்பு இங்குதான் உள்ளது. குறுகிய பணிக்கு அது கூடுதல் சுமையாகவும் ஆகலாம். வழங்கல் பாதை எட்டாத நெடிய பணிக்கு அது கைகொடுக்கும்.

உடலில் அணிவதன் சிக்கல்கள்

கூரையிலுள்ள பலகை அசையாது. வீரர் ஓடுகிறார், குனிகிறார், மண்ணில் படுத்து ஊர்கிறார். தொடராக இணைக்கப்பட்ட மின்கலங்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் தொடர் முழுவதிலும் மின்னோட்டம் குறைகிறது. ஒரு வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்தால் கடைமடைக்கு நீர் குறைவதைப் போன்றது இது. நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்னோட்டம் வேறு வழியாகச் செல்லும்படி மாற்றுவழி டையோடுகளை அமைப்பதும், கலங்களைச் சிறுசிறு தொகுதிகளாகப் பிரித்து இணைப்பதும் இதற்குத் தீர்வுகள். ஒளியின் அளவு நொடிக்கு நொடி மாறுவதால், அந்தந்த நொடியில் பெறத்தக்க மிக உயர்ந்த திறனைத் தேடிக் கண்டுபிடிக்கும் சிறிய மின்னணுச் சுற்றும் தேவைப்படுகிறது.

வெப்பம் அடுத்த சிக்கல். கதிரொளி மிகுந்த இடத்தில் மின்சாரமும் மிகும் என்று தோன்றும். ஆனால், சிலிக்கான் மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அதன் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. பாலைவன வெயிலில் கறுத்த தகடு 60 டிகிரியை எட்டினால், ஏழில் ஒரு பங்கு திறன் குறைந்துவிடும். சூடேறிய தகடு வீரரின் முதுகுக்கும் வெம்மை சேர்க்கும்.

பனிமலையில் நிலைமை மாறுகிறது. குளிரில் சூரிய மின்கலம் நன்றாகச் செயல்படுகிறது. ஆனால், ஆற்றலைச் சேமிக்கும் லித்தியம் அயனி மின்கலம் குளிரில் சோர்ந்துவிடுகிறது. உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றினால், உள்ளே லித்தியம் உலோகப் படலமாகப் படிந்து மின்கலமே கெடக்கூடும். 1984ஆம் ஆண்டு முதல் இந்திய வீரர்கள் காவல்புரியும் சியாச்சின் பனியாற்றில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்குவதுண்டு. இத்தகைய இடங்களில் தகடு வெளியிலும், மின்கலம் உடல்வெப்பம் பெறும் வகையில் மேலாடைக்குள்ளும் இருப்பதே பொருத்தம். அணியும் முறை இங்கே இயல்பான தீர்வாகவும் அமைகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீரர் பகைவர் கண்ணில் படக்கூடாது. பளபளக்கும் தகடு தொலைவிலிருந்தே அவரைக் காட்டிக்கொடுக்கும். அதனால், ஒளி தெறிக்காத மேற்பரப்பும், உடையின் நிறத்தோடு ஒன்றும் நிறமும் தேவை. ஆனால், நிறப்பூச்சு ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கிறது. மறைவு மிகுந்தால் மின்சாரம் குறைகிறது. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை வடிவமைப்பாளர் களத்தின் தேவையறிந்து முடிவு செய்கிறார்.

கூட்டாகச் செயல்படும் கருவிகள்

இச்சிக்கல்களால், கதிரொளித் தகட்டை மட்டும் நம்பி எந்தப் படையும் வீரரை அனுப்புவதில்லை. பகலில் கிடைக்கும் ஆற்றலை இரவுக்குச் சேமிக்க மின்கலம் வேண்டும். பல கருவிகளுக்குப் பல வகை மின்கலங்கள் என்னும் நிலையை மாற்றி, உடலில் அணியும் ஒரே மின்கலத்திலிருந்து எல்லாக் கருவிகளுக்கும் கம்பிவழி மின்சாரம் வழங்கும் முறையை அமெரிக்கத் தரைப்படை கொண்டுவந்தது. அதன் மற்றொரு கருவித்தொகுப்பில் ஒளி தெறிக்காத 62 வாட் மடிப்புத் தகடும் மின்னேற்றும் கருவிகளும் சேர்ந்து, ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையில் முதுகுப்பைக்குள் அடங்குகின்றன. நடக்கும்போது சிறிய அணிதகடு; தங்கும்போது விரிக்கும் பெரிய தகடு; இரண்டுக்கும் பொதுவான மின்கலம் என்னும் கூட்டமைப்பே நடைமுறைக்கு ஏற்றதாக உள்ளது.

இரவிலும் ஆற்றல் பெறும் முயற்சிகளும் நடந்தன. பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. பகலில் சூரிய மின்கலமும், இரவில் வெப்பநிலை வேறுபாட்டை மின்சாரமாக்கும் வெப்பமின் கருவியும் செயல்பட்டு, மின்கலச் சுமையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அகச்சிவப்புக் கதிர்களையும் உறிஞ்சும் பொருள்களைப் பயன்படுத்தினால், இரவுநோக்குக் கருவிகளின் பார்வையிலிருந்து வீரர் ஓரளவு மறையலாம் என்பதும் அவ்வாய்வில் எதிர்பார்க்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்
நடக்கும்போது முதுகுப்பை மேலும் கீழும் அசைகிறது. இந்த அசைவை மின்சாரமாக்கும் முதுகுப்பையை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ரோம் குழுவினர் 2005ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். மிகுந்த சுமையோடு விரைந்து நடந்தபோது அது 7.4 வாட் வரை மின்திறன் தந்தது. ஆனால், சுமையைக் குறைக்கத் தேடிய வழிகளுள் சுமை இருந்தால் மட்டுமே பயன்தருவது இது!

போர்க்களத்துக்கு அப்பால்

1958ஆம் ஆண்டில் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோளே சூரிய மின்கலத்தால் இயங்கிய முதல் செயற்கைக்கோள். அதன் ஒரு வானொலிப் பரப்பி மின்கல அடுக்கால் இயங்கியது. அது சில வாரங்களில் ஓய்ந்தது. சூரிய மின்கலங்களால் இயங்கிய மற்றொரு பரப்பியோ 1964ஆம் ஆண்டு வரை செய்தி அனுப்பியது. எடையும் வழங்கலும் இடர்ப்பாடாக இருக்கும் இடத்தில்தான் சூரிய மின்கலம் முதன்முதலில் தன் தகுதியை மெய்ப்பித்தது. விலை குறைந்த பின்னரே அது கூரைகளுக்கும் வயல்களுக்கும் வந்தது.

வீரர்களுக்காக உருவாகும் மெல்லிய தகடுகளும் அதே வழியில் பிறருக்குப் பயன்படக்கூடியவை. புயலாலும் வெள்ளத்தாலும் மின்கம்பங்கள் சாய்ந்த ஊருக்குள் செல்லும் மீட்புக் குழுவினர், காட்டுக்குள் பல நாள் தங்கும் வனத்துறையினர், சாலையற்ற மலையூர்களுக்குக் குளிர்பெட்டியில் தடுப்பூசி எடுத்துச் செல்லும் நலப் பணியாளர் ஆகியோரின் தேவையும் வீரரின் தேவையும் ஏறத்தாழ ஒன்றே. அவர்களும் ஆற்றலைச் சுமந்தே செல்கின்றனர். அவர்களும் அது தீர்ந்தால் தொடர்பை இழக்கின்றனர்.

மூன்று வாரப் பணியில் மிச்சமாகும் 10 கிலோ என்பது அறிவியலாளரின் ஏட்டில் ஓர் எண். மலையேறும் வீரருக்கோ அது பத்து லிட்டர் குடிநீரின் எடை. அவருக்காக மின்கலமும் எரிபொருளும் ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு, அது அவர் போக வேண்டியிராத ஒரு பயணம். தலைமுடியளவு தடிமனுள்ள சிலிக்கான் கீற்றுகளைச் சீவி எடுக்கும் ஆய்வாளரின் உழைப்பு, இவ்விருவரையும் சென்றடையும்போதே நிறைவு பெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் பயன்படும் மின்கலக் கருவிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எவற்றைச் சூரிய ஒளியால் இயக்கலாம் என்பதைக் காரணத்துடன் வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் புத்தகப்பையின் மேற்பரப்பை அளந்து, இப்பாடத்தில் உள்ள முறைப்படி அதில் பொருத்தும் தகடு ஒரு நாளில் தரக்கூடிய ஆற்றலைக் கணக்கிடுக.
3. 'பேரிடர்க் காலத்தில் கதிரொளி' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. துளைகள் என்பவை யாவை?
2. ஸ்லிவர் மின்கலத்தின் இரு சிறப்புகளைக் கூறுக.

சிறுவினா
1. நிழல் விழுவதால் சூரிய மின்தகட்டுக்கு ஏற்படும் சிக்கலையும் அதன் தீர்வையும் விளக்குக.
2. பனிமலைப் பகுதியில் தகடு வெளியிலும் மின்கலம் மேலாடைக்குள்ளும் இருக்க வேண்டியதன் காரணம் யாது?

நெடுவினா
1. 'குறுகிய பணிக்குச் சுமை. நெடிய பணிக்குத் துணை' – அணியும் சூரிய மின்தகட்டைப் பற்றிய இக்கூற்றைக் கணக்கீட்டுச் சான்றுகளுடன் நிறுவுக.